டொக்டர் ஹூ: பாதை பூட்டியிருந்த காலத்தில் பார்த்த தொடர்

1963இல் தொடங்கி 800 எபிசோடுகளுக்கு மேல் போய்விட்ட ஒரு தொடரை எங்கேயிருந்து பார்க்கத் தொடங்குவது? பிபிசியின் விஞ்ஞானப் புனைகதைத் தொடரான டொக்டர் ஹூ பற்றி வாயைத் திறந்தாலே என்னிடம் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சில வேளை அவர்களின் தாய் தகப்பன்மார். என் பதில் மாறுவதில்லை. கையில் எது அகப்படுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள், ஆறுதலாகப் பாருங்கள், பக்கத்தில் ஒருவரை இருத்திக்கொண்டு பாருங்கள். முதலாவதிலிருந்து வரிசையாகத்தான் வருவேன் என்று பிடிவாதமாக நின்ற பலர் பாதியில் களைத்து விட்டுவிட்டதைக் கண்டிருக்கிறேன். நான் தொடரின் நடுவில் வந்து ஏறியவள். ஏறிய இடத்திலேயே வருடக்கணக்காக நிற்க வேண்டியும் வந்தது.

2005 மார்கழி விடுமுறைக்கு லண்டனிலிருந்து மாமா குடும்பம் யாழ்ப்பாணம் வந்திருந்தது. சமாதான காலம் முடியப்போகிறது என்று பெரியவர்கள் மெதுவாகக் கதைக்கத் தொடங்கியிருந்த நேரம். மச்சாளுக்கு என்னைவிட ஒரு வயது கூட. அவளுடைய பெட்டியில் சொக்லேட்டுகளுக்கு நடுவே ஒரு டிவிடி பெட்டி இருந்தது. அந்த வருடம்தான் டொக்டர் ஹூ பிரிட்டனில் திரும்ப ஒளிபரப்பாகத் தொடங்கியிருந்தது. 1989இல் நின்றுபோன தொடர், இடையில் 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படமாக மட்டும் தலைகாட்டிவிட்டு, 2005 மார்ச் 26 அன்று மீண்டும் வந்தது. லண்டனில் எல்லாப் பிள்ளைகளும் சனிக்கிழமை பின்னேரம் அதற்காகக் காத்திருப்பார்கள் என்று மச்சாள் சொன்னாள். போகும்போது பெட்டியை என்னிடமே தந்துவிட்டாள். "நீ பார். அடுத்தமுறை வரேக்க மற்ற சீசனும் கொண்டு வாறன்."

எங்களிடம் இருந்தது மலிவான சீன டிவிடி பிளேயர். எந்த நாட்டு டிஸ்க் என்று பார்க்காமல் எதையும் ஓடவிடும். பள்ளிக்கூடம், ரியூசன் எல்லாம் முடிந்த நேரங்களில் அக்காவும் நானும் தம்பியும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

இந்தத் தொடரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொக்டர் என்பவர் வேற்றுக்கிரகத்தவர். பார்க்க மனிதரைப் போலத்தான் இருப்பார், ஆனால் இரண்டு இதயம். சொந்தப் பெயரை யாருக்கும் சொல்லமாட்டார். அவருடைய கலத்தின் பெயர் டார்டிஸ். வெளியே ஒரு காலத்தில் லண்டன் தெருக்களில் நின்ற நீலநிறப் பொலிஸ் தொலைபேசிக் கூண்டு, உள்ளே போனால் மண்டபம் மண்டபமாக விரியும். காலத்திலும் விண்வெளியிலும் எங்கேயும் போகும், நினைத்த இடத்துக்குத்தான் போகும் என்றில்லை. கூடவே எப்போதும் ஒரு சாதாரண மனிதர் போவார். 2005 சீசனில் அது ரோஸ், கடையில் வேலை செய்கிற பத்தொன்பது வயதுப் பெண். பில்லி பைப்பர் நடித்தார். டொக்டராகக் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன்.

எக்கிள்ஸ்டன் பேசுவது வட இங்கிலாந்து ஆங்கிலம். பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு அதைப் பிடிப்பது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் எபிசோடிலேயே ரோஸும் இதைக் கேட்கிறாள், வேற்றுக்கிரகத்தவர் என்றால் ஏன் வடக்குப் பகுதி ஆள் போலக் கதைக்கிறீர்கள் என்று. நிறையக் கிரகங்களுக்கு வடக்கு இருக்கிறது என்கிறார் அவர். அந்த இடத்தில் மூன்று பேரும் எழும்பிக் கைதட்டினோம். லண்டன்காரருக்கு அது போகிற போக்கில் வந்த பகிடி. கொழும்புச் செய்தியில் 'வடக்கு' என்ற சொல் எப்போது வரும், என்ன செய்தியோடு வரும் என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு, வடக்கிலிருந்து ஒருவர் விண்வெளிக்குப் போவது பெரிய விஷயம்.

பிறகு 2006 ஓகஸ்ட் 11 வந்தது. முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. ஊரடங்கு, சாமான் தட்டுப்பாடு, அரிசிக்கும் சீனிக்கும் வரிசை. பள்ளிக்கூடமும் நின்றது. கரண்ட் சில மணி நேரம் மட்டும் வரும், அதுவும் எந்த நேரம் என்று சொல்ல முடியாது. வீட்டில் பார்ப்பதற்கு இருந்தது அந்தப் பதின்மூன்று எபிசோடுகள்தான். ஒழுங்கைப் பிள்ளைகள் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்துவிடுவார்கள். கரண்ட் வந்தவுடன் ஒருவர் டிவியைப் போடுவார், ஒருவர் முன்கதவைச் சாத்துவார். சத்தத்தை நன்றாகக் குறைத்துத்தான் வைப்போம், வெளியே வாகனம் வந்தால் கேட்க வேண்டும் என்பதற்காக. சத்தம் குறைந்ததால் கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. என் ஆங்கிலம் திருந்தியது அங்கேதான்.

அதை நான் பிறகு ஒரு முறையாகவே செய்துகொண்டேன், இன்றும் பிள்ளைகளுக்கு அதையே சொல்கிறேன். முதல் தரம் எழுத்து இல்லாமல் பாருங்கள். விளங்காதது விளங்காமலே போகட்டும், முகங்களைப் பார்த்தாலே கதை பாதி பிடிபடும். இரண்டாம் தரம் எழுத்தோடு பாருங்கள். பிறகு பிடித்த ஒரு காட்சியை மட்டும் எடுத்து, அதில் வரும் வசனங்களைக் கொப்பியில் எழுதி, அவர்கள் சொல்கிற வேகத்திலேயே சொல்லிப் பழகுங்கள். முழு எபிசோடையும் இப்படிச் செய்யப் போனால் அலுத்துவிடும். ஒரு காட்சி போதும்.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது எழுத்தைவிட அம்மம்மாவை. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பிள்ளைகள் எல்லாம் ஒரே அறையில் இருந்தால் தானும் வந்து சாய்மனைக் கதிரையில் இருந்துவிடுவார். "இப்ப என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நிறுத்தி, தமிழில் சொல்லி, திரும்ப ஓடவிட வேண்டும். ஆரம்பத்தில் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. போகப் போக நாங்கள் கண்டது, அம்மம்மாவுக்குச் சொல்ல முடியாத இடம் எதுவோ அது எங்களுக்கும் விளங்காத இடம். காலப்பயணம் என்றால் என்ன, ஒருவர் தன் பிறப்புக்கு முந்திய நாளில் போய் நின்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் ஒரு கிழவிக்குத் தமிழில் விளங்கப்படுத்த வேண்டி வந்தபோது நாங்களே இருந்து யோசித்தோம். சிலவற்றைப் பள்ளிக்கூடம் திறந்த பிறகு விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டேன். இரண்டாவது எபிசோடில் சூரியன் வீங்கிப் பூமியை எரிக்கிறது. அது நடக்குமா? நடக்கும் என்றார் அவர். சூரியனின் நடுவில் ஐதரசன் முடிந்துபோக, இன்னும் ஏறத்தாழ 500 கோடி வருடத்தில் அது செம்பூதமாகப் பெருக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். அந்தத் தவணையில் எனக்குப் பிடித்த பாடம் அதுதான்.

ஆறாவது எபிசோடில் டாலெக் வருகிறது. உலோகக் கூட்டுக்குள் இருந்துகொண்டு எல்லா உயிரையும் அழிக்க நினைக்கிற இனம், 1963 இறுதியிலேயே தொடருக்குள் வந்துவிட்டது. இங்கே ஒரேயொரு டாலெக்தான் மிச்சம். ஒரு பணக்காரன் அதை நிலத்துக்குக் கீழே சங்கிலி போட்டுக் கட்டி, வதைத்துப் பேச வைக்கப் பார்க்கிறான். டொக்டரும் அதன் முன்னால் நின்று வெறுப்போடு கத்துகிறார். அம்மம்மா, "அது பாவம், அவிழ்த்துவிடச் சொல்லு" என்றார். அது ஆயிரக்கணக்கில் கொன்றது என்று நாங்கள் சொன்னோம். "அதுக்காகக் கட்டி வைச்சு அடிக்கிறதே?" என்றார். எபிசோட் கடைசியில் வந்து நிற்கிற இடமும் ஏறத்தாழ அதுவே. ரோஸ் அதன் பக்கம் நிற்கிறாள்.

ஒன்பதாவதும் பத்தாவதும் சேர்ந்து ஒரே கதை. ஸ்டீவன் மொஃபாட் எழுதியது. 1941, லண்டன்மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போடுகின்றன. சங்கு ஊதியதும் ஒரு குடும்பம் சாப்பாட்டை மேசையில் விட்டுவிட்டுத் தோட்டத்துப் பங்கருக்குள் இறங்குகிறது. உடனே தெருவில் திரியும் அநாதைப் பிள்ளைகள், நான்சி என்ற இளம்பெண்ணின் பின்னால் அந்த வீட்டுக்குள் வந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். கூடவே விஷவாயு முகமூடி அணிந்த ஒரு சிறுவன் ஊரெல்லாம் தன் அம்மாவைத் தேடித் திரிகிறான். அவன் தொட்டவர்களின் முகமும் முகமூடியாகிவிடும்.

இந்தக் கதையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விமானச் சத்தமும் சங்கும் வந்தவுடன் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. தொண்ணூறுகளின் குண்டுவீச்சை எங்களைத் தூக்கிக்கொண்டு தாண்டியவர் அவர். எங்களுக்கு அது நினைவில்லாத வயது. நாங்கள் பயத்தோடு ரசித்த சத்தம் அவருக்கு வேறு. அன்றிலிருந்து, வீட்டில் யாருக்காவது இதைக் காட்டுவதற்கு முதல் நான் தனியாக ஒருக்கால் பார்த்துவிடுவேன். எங்கள் ஊரில் எந்த வீட்டில் எந்தச் சத்தம் யாரை என்ன செய்யும் என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பயம் என்று நினைக்காதீர்கள், முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த இரண்டு எபிசோடையும் விட்டுவிட்டுப் போகலாம், கதைத் தொடர்ச்சி அவ்வளவாகக் கெடாது. கப்டன் ஜாக் என்ற பாத்திரம் இங்கேதான் வந்து சேர்கிறார் என்பதை மட்டும் சொல்லிவிட்டால் போதும்.

அந்தக் கதையின் முடிவை நான் சொல்லத்தான் போகிறேன், முன்கூட்டியே தெரிய விரும்பாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடுங்கள். காயம் ஆற்றும் நுண்ணிய இயந்திரங்கள் கோடிக்கணக்கில் ஒரு விண்கல விபத்தில் வெளியே வந்திருக்கின்றன. அவை கண்ட முதல் மனிதன், முகமூடியோடு செத்துக் கிடந்த அந்தச் சிறுவன். மனிதன் என்றால் இப்படித்தான் இருப்பான் போல என்று நினைத்து எல்லாரையும் அப்படியே 'குணப்படுத்தி'க்கொண்டு வருகின்றன. அவனுக்கு அக்கா என்று சொல்லிக்கொண்டு திரிந்த நான்சிதான் உண்மையில் தாய். அவள் அவனைக் கட்டிப்பிடித்ததும் இயந்திரங்கள் தாயின் உடலிலிருந்து சரியானதைக் கற்றுக்கொண்டு அவனையும் மற்ற எல்லாரையும் திருத்திவிடுகின்றன. ஒருவர்கூடச் சாகவில்லை. இந்த ஒருதரமாவது எல்லாரும் தப்பிவிட்டார்கள் என்று டொக்டர் துள்ளிக் குதிக்கிறார். 2006இல் யாழ்ப்பாணத்தில் இருந்து அதைப் பார்ப்பது எப்படி என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்த முடிவை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி ஒழுங்கைப் பிள்ளைகள் கேட்பார்கள். குசினியிலிருந்து வந்து அம்மாவும் ஒருநாள் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தா.

பதின்மூன்றாவது எபிசோடின் கடைசி நிமிடத்தில் டொக்டர் சாகிற நிலைக்கு வந்து, ஒளியாக வெடித்து, வேறொரு முகமாகி நிற்கிறார். புதியவர் இரண்டு வரி பேசுகிறார். சீசன் முடிந்தது. மற்றைய நாடுகளில் பார்த்தவர்கள் சில மாதம் காத்திருந்தார்கள். எங்களுக்கு மச்சாள் வரமுடியாது, தபாலில் பெட்டியும் வராது. "கூடு விட்டுக் கூடு பாயிறான்" என்று அம்மம்மா உடனே சொல்லிவிட்டார். அழகான சொல், ஆனாலும் இங்கே இவர் இன்னொருவரின் உடலுக்குள் போவதில்லை, தன் உடலே மாறுகிறது. நினைவு அதே, குணம் கொஞ்சம் வேறு. 1966இல் முதல் டொக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடல்நலம் கெட்டதால் பட்ரிக் ட்ரொட்டனைக் கொண்டுவர வேண்டி வந்தது. நாயகனின் முகத்தையே மாற்றலாம் என்ற யோசனை அந்த நெருக்கடியில் பிறந்தது. தொடர் அறுபது வருடம் தாக்குப்பிடிக்க அதுவே வழிவிட்டது. இப்போது பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஆள் மாறியவுடன் மனம் ஒட்டாது. அது எல்லாருக்கும் நடக்கும். புதியவருக்கு மூன்று நான்கு எபிசோட் கொடுங்கள்.

மேலே கதை இல்லாததால் நாங்களே எழுதினோம். பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் டார்டிஸ் கொக்குவிலில் இறங்கியது, கீரிமலையில் இறங்கியது, நயினாதீவுப் படகில் ஏறியது. 1981இல் எரிந்த பொது நூலகத்துக்கு டொக்டரை அனுப்ப வேண்டும் என்றான் தம்பி. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போன இரவு அது. ஆனால் எட்டாவது எபிசோடில், 1987இல் செத்துப்போன தன் தகப்பனை ரோஸ் காப்பாற்றப் போய்க் காலமே கிழிந்துவிடுகிறது. ஆகவே டொக்டரால் தீயைத் தடுக்க முடியாது என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். பெரிய சண்டை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒரு வழி சொன்னான். டொக்டர் தீயைத் தடுக்க வேண்டாம், அதற்கு முந்திய வருடங்களில் இரவிரவாக வந்து ஒவ்வொரு புத்தகத்தையும் பிரதி எடுத்துக்கொண்டு போகட்டும். சரித்திரம் மாறாது, புத்தகமும் டார்டிஸுக்குள் இருக்கும். எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அந்தக் கொப்பியில் மிக நீளமான கதை அதுதான்.

டொக்டர் ஹூவுக்கே அப்படி ஒன்று நடந்திருக்கிறது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. அறுபதுகளில் ஒளிப்பதிவு நாடா விலை கூடியது, வீட்டில் போட்டுப் பார்க்கும் வசதியும் யாரிடமும் இல்லை. ஒருதரம் ஒளிபரப்பியதை இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று பிபிசி பழைய நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியது. ஹார்ட்னெல், ட்ரொட்டன் காலத்து எபிசோடுகள் தொண்ணூறுக்கு மேல் இன்றும் இல்லை. ஹார்ட்னெல் முகம் மாறுகிற எபிசோடே இல்லை, அந்த மாற்றக் காட்சி மட்டும் வேறொரு நிகழ்ச்சியில் பயன்பட்டதால் தப்பியது. ஆனால் தொலைந்த எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. ஒளிபரப்பான நேரத்தில் இரசிகர்கள், அவர்களில் பலர் பிள்ளைகள், டிவிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்திருக்கிறார்கள். வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளிலிருந்தும் சில திரும்பின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹொங்கொங்கிலிருந்து ஒரு முழுக்கதை கிடைத்தது. 2013இல் நைஜீரியாவில் ஒன்பது எபிசோடுகள் கிடைத்தன.

இதைப் படித்த கிழமையே வீட்டில் கிடந்த கசெட்டுகளைத் தேடி எடுத்தேன். அப்பப்பாவின் குரல், கோயில் திருவிழா நாதஸ்வரம், ஊர் நாடகமொன்று. கணினியில் ஏற்றி, ஒரு பிரதி எனக்கு, ஒரு பிரதி லண்டன் மச்சாளுக்கு. ஒரே வீட்டில் இரண்டு பிரதி வைத்தால் அது ஒரு பிரதிதான், வேறு ஊரில் ஒன்று இருக்க வேண்டும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005இலிருந்து எண்ணிமப்படுத்திவரும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் முதலில் தேடிப் பாருங்கள், உங்கள் வீட்டுப் பழைய மலரோ சஞ்சிகையோ அங்கே இல்லாவிட்டால் கொடுங்கள். கசெட்டாக இருந்தால் ஓடவிட முதல் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் ஓடவிடாமல் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து வந்த ஒரு ஹாட் டிஸ்கில் மற்ற சீசன்கள் கிடைத்தன. புதிய டொக்டரான டேவிட் டெனன்டின் முழு முகத்தையும் அன்றுதான் ஆறுதலாகப் பார்த்தேன். நூறு மணி நேரத்துக்கு மேல் வீடியோ ஒரேயடியாகக் கையில் வந்தும், எனக்கு அதை ஒரேயடியாகப் பார்க்க மனம் வரவில்லை. கிழமைக்கு ஒன்று என்றுதான் போனேன். அறுபதுகளின் கறுப்பு வெள்ளைக் கதைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். அவை 25 நிமிடத் துண்டுகளாக, நான்கோ ஆறோ சேர்ந்து ஒரு கதையாக வரும். ஒவ்வொரு துண்டும் ஆபத்தில் முடியும், அடுத்த சனிக்கிழமைக்காக எழுதியது அது. இரண்டரை மணி நேரப் படம் போலச் சேர்த்துப் பார்த்தால் இழுவையாகத்தான் தெரியும், ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்றால் தெரியாது. அந்தக் காலத்துச் செட்டுகள் ஆடுவதைப் பார்த்து விலகிவிடாதீர்கள். காதைக் கொடுங்கள். ரொன் கிரெய்னர் எழுதிய முகப்பு இசையை டெலியா டெர்பிஷயர் நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிச் செய்தார். டார்டிஸின் இரைச்சல், பிரையன் ஹொட்ஜ்சன் பழைய பியானோத் தந்தியில் திறப்பால் உரசி எடுத்தது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், தயாரித்த வெரிட்டி லம்பர்ட் அப்போது இருபத்தேழு வயதுப் பெண்.

அக்காவின் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவளுக்கு நான் 2005 முதல் எபிசோடைத்தான் போட்டேன். கடைப் பொம்மைகள் உயிர்பெறுகிற அந்தக் கதை கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமானது, ஆனால் ரோஸோடு சேர்ந்து எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டு அறிய அதைவிட நல்ல வாசல் இல்லை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே எபிசோடில் ருசி காட்ட வேண்டுமென்றால் 2007இல் வந்த 'பிளிங்க்'. கண் இமைத்தால் நகர்ந்து வரும் கற்சிலைகள். டொக்டர் அதில் அதிகம் வரவேமாட்டார், முன்கதை எதுவும் தெரியத் தேவையில்லை. இரவில் போடாதீர்கள். புதியவர்களில் இருந்து தொடங்க விரும்பினால் அதுவும் சரி. அண்மைக் காலத்தில் டொக்டராக நடித்த ந்சூட்டி கட்வா ருவாண்டாவில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே இனப்படுகொலைக்குத் தப்பி ஸ்கொட்லாந்துக்குப் போன குடும்பத்துப் பிள்ளை. அதைச் சொன்னபோது அக்காவின் மகள் நிறையக் கேள்வி கேட்டாள். எங்கள் உறவுகளில் எத்தனை பேர் அப்படிப் போனார்கள், எந்தெந்த நாட்டுக்கு என்று.

போன சனிக்கிழமை பதின்மூன்றாவது முடிந்தது. முகம் மாறியதும் அவள் அழுதுவிட்டாள், உடனே அடுத்ததைப் போடச் சொன்னாள். அடுத்த சனிதான் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை கதை எப்படிப் போகும் என்று எழுதச் சொல்லி ஒரு புதுக் கொப்பி வாங்கிக் கொடுத்தாயிற்று. இரண்டு பக்கம் எழுதிவிட்டாள், டார்டிஸ் மண்டைதீவுப் பாலத்தில் நிற்கிறதாம்.